மூன்றாம் முழங்கால்

கைப்பேசி நிறுவனப் பொறியாளர் அஹ்தி ஓய்வு பெற இன்னும் ஐந்து மாதம் இருந்தது. அவருடைய 3ஜி வலையமைப்புக்கு அன்று பிற்பகல் இரண்டு மணி வரைதான் கெடு.

தனக்கு முன்னால் அது போகக்கூடாது என்று அவர் ஆசைப்பட்டார். பேராசையொன்றும் இல்லை. ஏப்ரலில் அவர் மேசையைக் காலி செய்துவிட்டுப் போனபிறகு யார் வேண்டுமானாலும் அணைக்கட்டும். பின்லாந்தின் ஔலு வட்டாரம் முழுக்க 3ஜி கோபுரங்களை ஒவ்வொன்றாக அணைத்தாகிவிட்டது. புதாஸ்யார்வி ஊருக்கு அப்பால், காட்டுக்குள் இருக்கும் ஒரே ஒரு கோபுரம்தான் மிச்சம்.

வயதானதால் அணைக்கிறார்கள் என்றால் மனம் ஆறியிருக்கும். ஆனால் அதைவிட மூத்த 2ஜி கல்லுக்குண்டு மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. அதைக் கட்டியவர் சக பொறியாளர் தெர்ஹோ. அவர் ஓய்வு பெற்றே இரண்டு வருடமாகிறது. ஆள் போயும் அவர் கட்டியது நிற்கிறது. இதை நினைக்கும்போதெல்லாம் அஹ்திக்கு வயிறு எரிந்தது.

எரியத்தானே செய்யும்? 2ஜி செய்வது என்ன? ஒரு நொடியை ஆயிரத்து எழுநூறு துண்டுக்கு மேல் நறுக்கி, எட்டுப் பேருக்கு முறைவைத்துக் கொடுக்கிறது. உன் முறை வந்தால் பேசு, இல்லாவிட்டால் வாயை மூடு. ரேஷன் கடை வரிசை மாதிரி. 3ஜி அப்படியில்லை. எல்லாரும் ஒரே நேரத்தில், ஒரே அலைவரிசையில் பேசலாம். ஒரு கூடத்தில் ஐம்பது ஜோடிகள், ஜோடிக்கு ஒரு பாஷை. மற்ற பேச்செல்லாம் இரைச்சல். தன் பாஷை மட்டும் காதில் விழும். ஒரே ஒரு சிக்கல். கோபுரத்துக்குப் பக்கத்தில் நிற்பவன் கத்தினால் தூரத்தில் இருப்பவன் குரல் அமுங்கிவிடும். அதனால் கோபுரம் ஒவ்வொரு கைப்பேசியிடமும் 'கொஞ்சம் மெதுவாக', 'கொஞ்சம் உரக்க' என்று நொடிக்கு ஆயிரத்து ஐந்நூறு தடவை சொல்லிக்கொண்டே இருக்கும். தங்கள் கோபுரங்களுக்கு அப்படிச் சொல்லும் நிரலை எழுதியவர் அஹ்தி. நான்கு வருட உழைப்பு.

அந்த அழகே அதற்கு எமனாகவும் ஆனது. எல்லாரும் ஒன்றாகப் பேசக் கூடம் பெரிதாக வேண்டும். 2ஜியின் ஒரு தடத்தைப்போல இருபத்தைந்து மடங்கு அகலம். புதிதாக வந்த தலைமுறைகள் இடம் கேட்டபோது, 2ஜி காலை மடக்கிக்கொண்டு ஒரு மூலையில் ஒடுங்கிக்கொண்டது. 3ஜிக்கு ஒடுங்கத் தெரியாது. எழுந்து வெளியே போகத்தான் முடியும்.

மேலாளர் மெர்வி காலையிலேயே சொல்லியிருந்தாள். "அஹ்தி, கடைசியா ஒருதடவை பாத்துடு. லிஃப்டுக்குள்ள இருக்கிற அவசர போன், முதியவங்க கையில கட்டியிருக்கிற அலாரம், இப்படி ஏதாச்சும் அந்தக் கோபுரத்துல தொங்கிட்டிருந்தா அணைக்க வேணாம். வசந்தத்துக்குத் தள்ளிடுவோம்."

வசந்தம் என்றால் ஏப்ரல்.

அவர் பார்த்தார். பட்டியலில் ஒரே ஒரு கருவி. கைப்பேசி இல்லை; என்ன கருவி என்று எண்ணை வைத்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. நாளுக்கு ஆறேழு தடவை எதையோ அனுப்புகிறது. அவ்வளவுதான் தெரிந்தது. அஹ்தி படிவத்தைத் திறந்து, 'அபாய அறிவிப்புக் கருவியாக இருக்கலாம்' என்று தட்டினார். பொய்யில்லை, இருக்கலாம்தான். ஆனாலும் அனுப்பும் பொத்தானுக்கு விரல் போகவில்லை. அதற்குள் காபிக்குக் கூப்பிட்டார்கள்.

வேலையைவிட்டு யார் போனாலும் கேக்கும் காபியும் உண்டு. இந்தத் தடவை போகிறது 3ஜி என்பதால் அதற்கும் மெர்வி கேக் வாங்கியிருந்தாள். கேக் என்றால் தெர்ஹோவும் வந்துவிடுவார். வந்தவர் முதல் துண்டையும் எடுத்துக்கொண்டுவிட்டார்.

"என்ன அஹ்தி, சாவு வீட்டுக்காரன் மாதிரி நிக்கிற?"

"நீ ஏன்யா வந்த? ஓய்வு பெத்தவனுக்கு வீட்ல காபி கிடைக்காதா?"

பின்னிஷ் மொழியில் தலைமுறைக்கு, அதாவது 3ஜியில் வரும் 'ஜி'க்கு, 'சுகுபோல்வி' என்று பெயர். சுகு என்றால் குலம், போல்வி என்றால் முழங்கால். நாம் தலையை வைத்து எண்ணுவதை அவர்கள் முழங்காலை வைத்து எண்ணுகிறார்கள். தெர்ஹோவுக்கு இது போதாதா?

"ரெண்டாவது முழங்கால் இன்னும் பனியில சறுக்கி ஓடுது. மூணாவது அதுக்குள்ள மடங்கிடுச்சு பாரேன்!"

எல்லாரும் சிரித்தார்கள். அஹ்தியும் சிரித்துவைத்தார். தன் கேக்கைத் தொடாமல் தட்டிலேயே வைத்துவிட்டார்.

சிரிப்பு அடங்கியதும் தெர்ஹோ கைப்பேசியை நீட்டினார். "இதப் பாரு. இன்னிக்குக் காலைல வந்தது. வேட்டைக்காட்டுல மரத்துல ஒரு கேமரா கட்டிவெச்சிருக்கேன். எது நடந்தாலும் படம் புடிச்சு அனுப்பிடும்."

பெரிய எல்க் மான். கொம்பிலிருந்த பனிகூடத் தெளிவாகத் தெரிந்தது. அந்தத் தெளிவுதான் அஹ்திக்கு உறுத்தியது.

"எந்தக் காடு?"

"புதாஸ்யார்வி தாண்டி. ஏன்?"

"இது எதுல வருது?"

தெர்ஹோ கேக்கைக் குத்தினார். "எதுல வந்தா என்ன?"

"எதுலய்யா வருது?"

"...உன்னோடதுலதான்." குரல் இறங்கிவிட்டது. "என்னோடதுல வெச்சுப் பாத்தேன். படம் ஆமை மாதிரி வருது."

"கேக்கல. எல்லாருக்கும் கேக்கிற மாதிரி சொல்லு."

"டேய்..."

"சொல்லு தெர்ஹோ. அஞ்சு மாசம் முன்னாடியே எனக்கு ஓய்வூதியம் கிடைச்ச மாதிரி இருக்கும்."

தெர்ஹோ எழுந்து நின்றார். "என் கேமரா மூணாவது முழங்கால்லதான் நிக்குது. போதுமா?" மெர்வி கைதட்டினாள். அஹ்தி ஒரு துண்டு கேக் சாப்பிட்டார், அதன்பின் இன்னொன்று.

பட்டியலில் இருந்த ஒரே கருவி தெர்ஹோவின் கேமராதான்; இனி அது என்னவென்று தெரியாது என்று எழுத முடியாது. மேசைக்குத் திரும்பியதும் படிவத்தில் தட்டியிருந்ததை அழித்து, வேறு எழுதி அனுப்பினார். 'வேட்டைக் கேமரா. தள்ளிப்போட வேண்டியதில்லை.'

இரண்டு மணிக்குத் தொடங்கினார். சட்டென்று அணைக்கக்கூடாது, சத்தத்தைக் குறைப்பதுபோல கோபுரத்தின் வலுவைப் படிப்படியாகக் குறைத்தால், அதில் இருப்பவர்கள் வேறு இடம் தேடிக்கொள்வார்கள். பின்னால் தெர்ஹோ நின்றுகொண்டிருந்தார், தட்டோடு. அஹ்தி இறக்கினார். மறுபடி இறக்கினார். பட்டியலில் ஒன்று என்று இருந்தது பூஜ்யமாயிற்று.

பக்கத்துத் திரையில், அதே காட்டின் 2ஜி பட்டியலில் ஒரு எண் கூடியது.

ஒரு நொடிகூடத் தயங்கவில்லை அது. அழைக்காமலே போய்விட்டது. இவ்வளவு நாள் இவர் உப்பைத் தின்ற கேமரா.

"அட, என் கேமரா என்கிட்டயே வந்துடுச்சு!" என்றார் தெர்ஹோ.

அஹ்திக்குக் காது மடல் சுட்டது. அப்போது தெர்ஹோவின் கைப்பேசி முனகியது. காட்டில் ஏதோ நகர்ந்திருக்கிறது. படம் வரத் தொடங்கியது. மேலே ஒரு கீற்று வானம். நின்றது. இன்னொரு கீற்று.

"என்னடா இது? மானா மரமா?" என்றார் தெர்ஹோ.

"தெரியலயே."

"எவ்வளவு நேரம் ஆகும்?"

அஹ்தி நாற்காலியை இழுத்துப் போட்டு, தெர்ஹோவின் தோளைப் பிடித்து உட்காரவைத்தார். குடுவையிலிருந்து இரண்டு கோப்பையிலும் காபி ஊற்றினார்.

"உக்காருய்யா," என்றார். "உன் முறை வரட்டும்."