புழுக்கைப் பலகை

மூன்று வருடம் நான் ஆட்டுப் புழுக்கையை எடை போட்டிருக்கிறேன். இதைச் சொன்னால் இரண்டு விதமான ஆட்கள் கிடைப்பார்கள். ஒரு வகை, பாவம் என்று பார்க்கும். இன்னொரு வகை, நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் இழுத்துக்கொள்ளும். இந்த வம்பே வேண்டாம் என்று என் அம்மா சொந்தக்காரர்களிடம் "பொண்ணு டாக்டருக்குப் படிக்கிறா" என்று மட்டும் சொல்லிவைத்திருக்கிறாள். அதிலிருந்து நான் எந்த வீட்டுக்குப் போனாலும் பெரியம்மாக்கள் முழங்காலை நீட்டிவிடுகிறார்கள்.

விஷயம் ஒன்றும் கேவலமில்லை. மழை குறைந்த நிலத்தில் பயிரும் ஆடும் சேர்ந்தால்தான் ஒரு குடும்பம் பிழைக்கும். சோளக்கதிர் மனிதர்களுக்கு, கதிர் போக மிஞ்சும் காய்ந்த தட்டை ஆட்டுக்கு, ஆடு போடுவது திரும்பவும் நிலத்துக்கு. தட்டையாக உள்ளே போனதில் எவ்வளவு எருவாக வெளியே வருகிறது என்பதுதான் என் கேள்வி. கேள்வி ஒரே வரி, பதிலுக்கு மூன்று வருடம். கடைசி அத்தியாயத்துக்கு வேண்டியது ஆறு கிடாய்களின் ஏழு நாள் புழுக்கை. அது கிடைத்தால் பட்டம். கிடைக்காவிட்டால் மூன்று வருடமும் காற்றோடு போகும், ஏனென்றால் என் படிப்புக்குக் கொடுத்த காலம் நான் அந்தப் புழுக்கையை எடுக்கப் போன மாதத்தோடு முடிந்துவிடும்.

அதற்காக நான் பிடித்தது ஒட்டிய இரண்டு வீடுகளை. அண்ணன் தம்பி வீடுகள். ஒரே மண், ஒரே விதை, ஒரே மாதிரி ஆடுகள். ஆராய்ச்சிக்கு இதைவிட வசதி வேண்டுமா என்று எனக்கு வாயெல்லாம் பல். வசதியில் ஒரே ஒரு குறை, இரண்டு வீட்டு மருமகள்களும் இரண்டு வருடமாகப் பேசிக்கொள்வதில்லை. மூத்த மருமகளின் ஆடு ஒன்று இளைய மருமகளின் சோளத்தில், கதிர் பிடிக்கிற நேரமாகப் பார்த்து, வாய் வைத்துவிட்டது. அண்ணனும் தம்பியும் அதை அன்றைக்கே மறந்துவிட்டார்கள். வறண்ட மாதங்களில் இருவரும் சேர்ந்தே வெளியூர் வேலைக்குப் போய், ஒரே அறையில் தங்கி, ஒரே பானையில் சமைத்துச் சாப்பிடுகிறார்கள். சண்டையை மட்டும் வீட்டில் விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். பயிரும் கால்நடையும் ஒன்றையொன்று வாழவைக்கும் என்று என் முதல் அத்தியாயத்தில் எழுதியிருக்கிறேன். இவர்களைப் பார்ப்பதற்கு முன்னால் எழுதிய அத்தியாயம் அது.

ஆட்டுக்குப் பை கட்டுவது எப்படி என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். தோளிலும் வயிற்றிலும் வார் போட்டு, பின்பக்கம் ஒரு பையைத் தொங்கவிட வேண்டும். பள்ளிக்கூடப் பையைத் தப்பான பக்கம் மாட்டிக்கொண்ட மாதிரி இருக்கும். பெட்டை ஆட்டுக்குக் கட்டினால் மூத்திரமும் சேர்ந்துவிடும், அதனால் கிடாய்தான். மூத்தவர் வீட்டில் ஒன்று, இரண்டு, மூன்று. இளையவர் வீட்டில் நான்கு, ஐந்து, ஆறு. கிடாய்கள் ஏழு நாளும் பட்டியிலேயே நின்று, நான் எடை போட்டுக் கொடுக்கும் தட்டையைத் தின்ன வேண்டும். பெட்டைகள் வழக்கம்போல மேயப் போகும். பையில் விழுந்ததை நான் எடுத்துப் போய் உலர்த்தி, எடை போட்டு, மறுநாள் காலை எழுதுவேன்.

எங்கே எழுதுவேன் என்பதில்தான் தொல்லை பிடித்தது. என் பேராசிரியருக்கு ஒரு கொள்கை உண்டு.

"ஏம்மா, அவங்ககிட்ட தகவலை வாங்கிட்டுப் போய் நாம மட்டும் வெச்சுக்கறது திருட்டு. அன்னன்னைக்கு வந்த எடையை அங்கயே எழுதிப் போடணும்" என்றார்.

நல்ல கொள்கைதான். இரண்டு பட்டிக்கும் நடுவில் இருந்த குட்டைச் சுவரின் முனையில் ஒரு கரும்பலகையை மாட்டி, ஆறு ஆடுகளின் எடையையும் வரிசையாக எழுதினேன். இரண்டு பக்கத்திலிருந்தும் தெரிகிற மாதிரி மாட்டியது என் சொந்த மூளை.

முதல் நாள் எல்லாம் முன்னூறு கிராம் பக்கம். மூத்தவர் பலகையை மேலும் கீழும் படித்தார்.

"டீச்சரம்மா, அஞ்சாம் நம்பர் முன்னூத்து இருபதா?"

"ஆமாங்க்கா."

"என் ரெண்டாம் நம்பர் இருநூத்து தொண்ணூறா?"

"ஆமாங்க்கா. ஆட்டுக்கு ஆடு மாறும்."

"அப்ப நாங்க ஒழுங்கா தீனி போடலன்னு எழுதிட்டீங்க."

அப்படி இல்லை என்று அரை மணி நேரம் விளக்கினேன். தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். தலையை ஆட்டுகிறவர்கள் ஒத்துக்கொண்டார்கள் என்று அந்த வயதிலும் நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

இரண்டாம் நாள் இரண்டாம் நம்பர் ஆடு முன்னூற்று எண்பது. இப்போது இளையவர் வந்து பலகை முன்னால் நின்றார். அவர் அதிகம் பேசமாட்டார். "ஓஹோ" என்றார், உள்ளே போய்விட்டார். மூன்றாம் நாள் ஐந்தாம் நம்பர் நானூற்று அறுபது. நான்காம் நாள் ஆறு ஆடுகளும் ஐந்நூறைத் தாண்டின. எனக்கு ஒரே சந்தோஷம். வறட்சியிலும் ஆடுகள் இவ்வளவு எரு தருகின்றன, இது பெரிய கண்டுபிடிப்பு, என் பேர் எங்கேயோ போகப்போகிறது என்று மனக்கோட்டை கட்டினேன். என் அறைக்குச் சொந்தக்காரர், அறையில் ஓயாமல் அடுப்பு எரிந்து புழுக்கை காயும் வாசனையில், மூக்கைப் பிடித்துக்கொண்டே வாசலில் வந்து நின்று காலி பண்ணச் சொன்னார். அவரைப் பார்த்துக்கூட நான் சிரித்தேன்.

ஐந்தாம் நாள் எடையைப் பேராசிரியருக்கு அனுப்பினேன். பத்தே நிமிடத்தில் போன்.

"ஏம்மா, ரெண்டாம் நம்பர் தின்னது எவ்வளவு?"

"அறுநூத்து எண்பது கிராம் சார்."

"போட்டது?"

"எழுநூத்துப் பத்து சார்."

"மீதி முப்பது கிராமை எங்கருந்து கொண்டு வந்துச்சு? பக்கத்து வீட்ல கேட்டு வாங்கிச்சா?"

நான் நோட்டைத் திரும்பவும் புரட்டினேன்.

"தின்னதைவிட அதிகமா போடற ஆடு ஒண்ணு இருந்தா, உனக்குப் பட்டம் என்ன, சிலையே வெக்கலாம். நாளைக்குள்ள என்னன்னு பாரு. இல்லன்னா அந்த அத்தியாயத்தை மறந்துடு."

பக்கத்து வீட்டில் கேட்டு வாங்கியதா என்று அவர் கிண்டலாகக் கேட்டார். உண்மைக்கு எவ்வளவு பக்கத்தில் வந்தார் என்று அவருக்குத் தெரியாது.

ஆறாம் நாள் காலையில் வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் முன்னால் போனேன். பட்டியில் யாரும் இல்லை. இரண்டாம் நம்பரின் பை மட்டும் தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. ஆடு நகர முடியாமல் கால்களை அகட்டிக்கொண்டு என்னைப் பார்த்தது. பையைத் திறந்தேன். புழுக்கைகளுக்கு மேலே, இரண்டு கை அகலத்துக்கு, ஒரு சாண உருண்டை உட்கார்ந்திருந்தது.

"அக்கா!" என்று கத்தினேன். மூத்தவர் டீ டம்ளரோடு வந்தார்.

"இது என்னக்கா?"

எட்டிப் பார்த்தார். "ரெண்டாம் நம்பர் போட்டிருக்குது."

"இது மாட்டுச் சாணி."

"நல்லா தின்னா அப்படித்தான் வரும்."

"அக்கா, ஆட்டுக்கு இது வரவே வராது. வந்தா ஆடு இருக்காது."

டம்ளரைச் சுவர்மேல் வைத்தார். அந்த ஆட்டைத் திரும்பிப் பார்த்தார். அதுவே காட்டிக்கொடுத்துவிட்டது என்பதுபோல ஒரு பார்வை.

"பெட்டையாடு போட்டதெல்லாம் நேத்தோட தீந்துபோச்சு டீச்சரம்மா. பொழுது விடியறதுக்குள்ள மாடுதான் போட்டிருந்துச்சு. அவ மட்டும் அள்ளி அள்ளிப் போடறா, அதை யாரும் கேக்கல."

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது. "நான் போட்டது எல்லாம் ஆட்டுதுதான். எங்க வீட்டுப் பெட்டையாட்டுது. மாட்டுதை நான் தொடல."

இரண்டு வருடத்தில் இளையவர் சுவரைத் தாண்டி மூத்தவரிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான். அதைக் கொண்டாடுகிற நிலையில் நான் இல்லை. அப்படியே தட்டைத் துணுக்குகளின்மேல் உட்கார்ந்துவிட்டேன். எனக்கு அழுகை வந்தது, அழுதேன். ஆறு நாள் உழைப்பு போனது, அத்தியாயம் போனது, மாதம் முடியக் கொஞ்ச நாள்தான் இருக்கிறது, மழை விழுந்து பச்சை முளைத்துவிட்டால் இந்த ஆடுகள் வேறு ஆடுகள் ஆகிவிடும், என் மூன்று வருடத்தை நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து பைக்குள் போட்டுவிட்டீர்கள் என்று கோபத்தில் எதையெல்லாமோ சொன்னேன். யாரை 'இரண்டு பேரும் சேர்ந்து' என்று சொன்னேனோ அவர்கள் இருவரும் சுவரின் இரண்டு பக்கமும் நின்று, ஒரே மாதிரி தலைகுனிந்திருந்தார்கள். இந்த விஷயத்தில் மட்டும் நல்ல ஒற்றுமை.

"திரும்பவும் ஏழு நாள் செஞ்சா ஆகாதா?" என்று இளையவர்தான் கேட்டார்.

"தட்டை வேணும். இதே நிலத்துத் தட்டை. உங்ககிட்ட இருக்கறது மத்த ஆடுகளுக்கும் வேணும். அதுக்குப் பதிலா எங்க பல்கலைக்கழகப் பண்ணையில இருந்து ஒரு வண்டித் தட்டை வாங்கித் தரேன்னு வெச்சுக்கங்க, அது வர்றதுக்கே பத்து நாள் ஆகும்."

"தட்டையை விடுங்க" என்றார் மூத்தவர். "ஆனா அவ திரும்பவும் அள்ளிப் போட மாட்டான்னு என்ன நிச்சயம்?"

"நீங்க மட்டும் போட மாட்டீங்களாக்கும்?"

"அப்ப நான் உன் பட்டியில வந்து உக்காருறேன்டி. பார்ப்போம்."

"வாங்க. நானும் உங்க பட்டியிலதான் இருப்பேன்."

இதைவிட நல்ல ஏற்பாட்டை எந்தப் பல்கலைக்கழகமும் யோசித்திருக்காது. மறுநாள் காலையிலிருந்து மூத்தவர் இளையவரின் பட்டியில் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்தார். இளையவர் மூத்தவரின் பட்டியில் கவிழ்த்த கூடைமேல் உட்கார்ந்தார். கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு இரவும் பகலும் காவல் காத்தார்கள். நான் பையை அவிழ்க்கப் போனால் என் கையையும் சோதித்தார்கள். தரையில் விழுந்த ஒரே ஒரு புழுக்கையை நான் எடுத்துப் பையில் போட்டதற்கு, "அது அஞ்சாம் நம்பர் போட்டதுன்னு எப்படித் தெரியும்?" என்று மூத்தவர் கேட்டார். நியாயமான கேள்வி. எடுத்து வெளியே போட்டேன். பையின் வார் முதல் தராசு முள் வரை எல்லாவற்றுக்கும் இரண்டு சாட்சி.

பலகையில் இந்த முறை எதையும் எழுதவில்லை. ஏழு நாள் முடிந்தபின் காட்டுகிறேன் என்றேன். ஒருவர் பட்டியில் ஒருவர் உட்கார்ந்திருந்தவர்கள் பேசினார்களா என்று கேட்பீர்கள். முதல் நாள் இல்லை. இரண்டாம் நாள், "இந்த ஆட்டுக்குக் காதுல உண்ணி இருக்குது, பாக்கறதில்லையா?" என்று சுவருக்கு மேலே மூத்தவரின் அதட்டல் ஒன்று போனது. மூன்றாம் நாள் வேப்பெண்ணெய் கிண்ணம் அதே வழியில் வந்தது. மற்றபடி திட்டிக்கொண்டேதான் இருந்தார்கள். ஆனால் மூத்தவரின் கண் அடிக்கடி ஆட்டை விட்டு, இளையவர் வீட்டுத் தட்டைப் போர் இருந்த மூலைக்குப் போவதைப் பார்த்தேன். அங்கே போர் இல்லை. தரையை மூடுகிற அளவுக்குத் தட்டை கிடந்தது, அவ்வளவுதான். நான் தினமும் அதிலிருந்துதான் எடை போட்டு எடுத்துக்கொண்டிருந்தேன், ஒரு நாளும் மூலையை நிமிர்ந்து பார்த்ததில்லை. ஐந்தாம் நாள் மூத்தவர் தன் வீட்டிலிருந்து ஒரு கட்டுத் தட்டையைத் தூக்கி வந்து அந்த மூலையில் சாய்த்தார். இளையவர் எதிர்ப்பட்டபோது, "ஒரே மண்ணுதானே, டீச்சரம்மா கணக்குல ஒண்ணும் மாறாது" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். மாறாதுதான். நான் ஆமாம் என்றேன்.

எட்டாம் நாள் பலகையில் எழுதினேன். மூத்தவர் வீட்டு ஆடு, சராசரி ஒரு நாளைக்கு இருநூற்று எண்பத்து நான்கு கிராம். இளையவர் வீட்டு ஆடு, இருநூற்று எண்பத்து ஒன்று.

மூன்று கிராம் முன்னால். இனி இந்த மூன்று கிராமை வைத்துக்கொண்டு மூத்தவர் ஒரு வருடம் ஆடுவார் என்று நினைத்தேன். இருவரும் பலகை முன்னால் ஒன்றாக நின்றார்கள்.

"இவ்வளவுதானா?" என்றார் மூத்தவர்.

"இவ்வளவுதாங்க்கா. ஆனா சரியான அளவு. எனக்கு இதுதான் வேணும். என் படிப்பு தப்பிச்சுது."

"இதை எங்க எழுதுவீங்க?"

"புத்தகத்துல. படிக்கறவங்க எல்லாரும் பார்ப்பாங்க."

"எங்க எல்லாம் போகும்?"

"வெளிநாடுகூடப் போகும்."

அவர் முகம் சுருங்கியது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. போட்டி இருவருக்கும் நடுவில் மட்டும் இல்லை. முன்பின் தெரியாத ஆட்கள் இந்த எண்ணைப் பார்த்து, வாயில்லா ஜீவனைப் பட்டினி போட்ட பெண்கள் என்று தங்களை நினைத்துவிடுவார்களே என்ற பயத்தில் விடியற்காலையில் அள்ளி அள்ளிப் போட்டிருக்கிறார்கள். எரு என்றால் பொன் என்று காக்கிற வீட்டில், நிலத்துக்குப் போகவேண்டியதை என் பைக்குள் போட்டிருக்கிறார்கள். நான் அவர்களைத் திட்டியதை நினைத்து எனக்கு வெட்கமாக இருந்தது.

"டீச்சரம்மா, அந்த எண்ணுக்குக் கீழ ஒண்ணு எழுதுவீங்களா?"

"என்னக்கா?"

"அந்த வருஷம் மழை இல்லன்னு எழுதுங்க." பக்கத்தில் நின்றவரைப் பார்க்காமலே, "அவ வீட்டு எண்ணுக்குக் கீழயும் எழுதுங்க. அவ இருந்ததை எல்லாம் ஆட்டுக்குத்தான் போட்டா. நான் பார்த்தேன்" என்றார்.

அத்தியாயத்தைப் படித்த பேராசிரியர் அட்டவணைக்குக் கீழே மழை பற்றி நான் எழுதியிருந்த வரியை அடித்தார். மழையளவு முன்னாலேயே தனி அட்டவணையில் இருக்கிறது, இது எதற்கு என்று ஓரத்தில் எழுதியிருந்தார். நான் திரும்பவும் எழுதினேன். திரும்பவும் அடித்தார். மூன்றாவது முறை நேரில் போய், பலகையை மாட்டச் சொன்ன உங்கள் கொள்கைப்படி அவர்கள் கொடுத்த தகவல் இது, இதை மட்டும் நாம் விட்டுவிட்டால் திருட்டு என்றேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், வரியை அடிக்காமல் விட்டுவிட்டார். இப்போது அச்சில் இருக்கிறது, இரண்டு வீட்டு எண்ணுக்குக் கீழும், சின்ன எழுத்தில்: அந்த ஆண்டு மழை இல்லை, இருந்த தட்டையை எல்லாம் ஆடுகளுக்குத்தான் போட்டார்கள்.