ஈரலைத் தொடும் பக்கம்

1952 ஜனவரி 21, திங்கட்கிழமை. ராயபுரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் ஃப்ளோரன்ஸ் என்ற நாற்பத்திரண்டு வயதுப் பெண்ணின் வயிற்றைத் திறந்த டாக்டர், இருபது நிமிடத்தில் தைத்து மூடினார்.

வெளியே நின்ற கணவன் ஸ்டானிஸ்லாஸ் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன். டாக்டர் தன் உள்ளங்கையில் ஒரு விரலை ஒட்டிவைத்துக் காட்டினார்.

"பித்தப்பை இப்படித்தான் ஈரலோட ஒட்டியிருக்கும். மத்த பக்கமெல்லாம் சவ்வு போர்த்தியிருக்கும். ஈரலைத் தொடுற பக்கத்துல அது கிடையாது, சுவரும் மெல்லிசு. உங்க சம்சாரத்துக்குப் புத்துநோய் அந்தப் பக்கத்துல முளைச்சிருக்கு. நேரா ஈரலுக்குள்ள போயிடுச்சு. இனிமே கை வைக்க முடியாது."

"எவ்ளோ நாளு சார்?"

"ரெண்டு மாசம்."

மகள் ஹில்டாவின் கல்யாணம் ஈஸ்டருக்குப் பிறகு என்று பேசி முடித்திருந்தார்கள். ஈஸ்டர் ஏப்ரல் நடுவில்; அதுவரை அவள் இருக்கமாட்டாள் என்று தெரிந்தும், மனைவியிடம் வாய் திறப்பதில்லை என்று ஸ்டானிஸ்லாஸ் முடிவு செய்தான்.

நான்காம் நாள் அவள் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்தாள். கண்ணில் மஞ்சள் அப்படியே இருந்தது.

"பையை எட்த்தாங்களாய்யா?"

"எட்த்தாச்சுமே. வெறும் கல்லு. ரெண்டு வாரத்துல மீன் கொழம்பு வெச்சுகினு இருப்பே."

"தின்றதுலயே இரு. ஈரல்ல எவ்ளோ அறுத்தாங்க?"

"ஈரலை இன்னாத்துக்கு அறுக்கணும்? பையை மட்டும் சுத்தமா உரிச்சு எட்த்துட்டாங்க."

ஃப்ளோரன்ஸ் கடற்கரைக் கொட்டகையில், எண்ணெய்க்கு வரும் சுறா ஈரலிலிருந்து பித்தப்பையை அறுத்து நீக்குகிறவள். பதினேழு வருஷமாக அதே வேலை.

"ஈரல் ஒரு துண்டாவது ஒட்டிக்காம பை வந்ததே இல்லைய்யா. இன்னா கதை வுட்றே?"

மனித உடம்பில், வெறும் கல் என்றால் பையை அப்படி உரித்தெடுக்க முடியும். அது அவளுக்குத் தெரியாது. அவனுக்கும் தெரியாது. கட்டிலின் இரும்புச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டான். பிறகு, டாக்டர் செய்தது போலவே உள்ளங்கையில் விரலை வைத்து, எல்லாவற்றையும் சொன்னான்.

அவள் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஹில்டா கல்யாணத்தை விபூதி புதனுக்கு முன்னாடியே வெச்சுடு. தவசு காலம் வந்துட்டா சாமியாரு பண்ண மாட்டாரு. அழுவறதை அப்பறம் அழு. போய் ஓலை படிக்கச் சொல்லு."

பிப்ரவரியின் முதல் மூன்று ஞாயிறுகளிலும் கோயிலில், இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்ற அறிவிப்பான ஓலை வாசிக்கப்பட்டது. 25ஆம் தேதி திங்கட்கிழமை கல்யாணம். தாயைக் கைரிக்‌ஷாவில் கூட்டிவந்தார்கள். பூசை முடியும்வரை உட்கார்ந்திருந்தாள்.

மார்ச் 21, வெள்ளிக்கிழமை ஃப்ளோரன்ஸ் இறந்தாள்.