காலிக் கட்டமும் சைபரும்

என் நண்பர் தணிகைவேல் சொன்ன இந்த விஷயத்தில் ஏதோ ஓர் இடம் எனக்குப் பல வருடங்களாகவே உதைத்துக்கொண்டிருந்தது.

அம்பத்தூரில் அவருடைய அலுவலகத்தில், குழாய்களின் அழுத்தக் கணக்குப் போடுகிறவர் கணினியில் குழாயைத் தாங்கும் ஒரு சப்போர்ட்டை எவ்வளவு நகர்த்துகிறாரோ, வீட்டில் அவர் மனைவியும் அவ்வளவு நகர்வார். எண்ணை அழித்தால் பழைய இடத்துக்கு வந்துவிடுவார். காலையில் தணிகைவேலின் மனைவி வாசுகி போன் செய்வாள்.

"இன்னிக்கு எவ்வளவுங்க? பால் காய்ச்சணும்."

"எட்டு மில்லிமீட்டர். கீழ."

"சரி, இறக்கி வெச்சுட்டு நிக்கறேன்."

பதினோரு வருடம் காத்திருந்த கல்லூரி ஆசிரியர் வேலை வாசுகிக்குச் சேலத்தில் கிடைத்தது. சனிக்கிழமை காலை பத்து மணிக்குள் சேராவிட்டால் அடுத்த ஆளுக்குப் போய்விடும். வெள்ளிக்கிழமை பெட்டியோடு கிளம்பினாள். அதே நேரத்தில் தணிகைவேல் கணினியில் ஒரு சப்போர்ட்டின் அஸ்திவாரத்தைப் பன்னிரண்டு மில்லிமீட்டர் இறக்கிக்கொண்டிருந்தார். பக்கவாட்டு நகர்வுக்கான கட்டங்கள் காலியாக இருந்தன. காலியாக விட்டால் சப்போர்ட் அந்தத் திசையில் இஷ்டம்போல் போகலாம். சைபர் போட்டால் அசையவே முடியாது. அவர் சைபர் போட்டார்.

வாசுகி நிலைப்படியில் நின்றுவிட்டாள்.

"இருபது வருஷமா இதே வேலை பாக்கறீங்க, காலியா விடறதுக்கும் சைபருக்கும் வித்தியாசம் தெரியாதா?" என்றாள் போனில்.

"கை தவறிடுச்சும்மா. பெரிய ஃபைல். நாளைக்கு மத்தியானம் வரைக்கும் ஓடும். நடுவுல தொடக்கூடாது."

மறுநாள் மத்தியானம் அவரே சைபர்களை அழித்தார். அதற்குள் சேலத்தில் வேறொருத்தி சேர்ந்துவிட்டாள்.

சைபர் போன பிறகும் வாசுகி நகரவில்லை. ஒன்பது வருடமாக நிலைப்படியிலேயே நிற்கிறாள். பால்காரர் பாக்கெட்டை அவள் பெட்டிமேல் வைத்துவிட்டுப் போகிறார். "என்ன டீச்சர், ரயில் இன்னும் வரலையா?" என்று எதிர்வீட்டுக்காரி கேட்டால், "சிக்னல் விழலக்கா" என்கிறாள். தணிகைவேல் தினமும் உடம்பை ஒடுக்கிக்கொண்டு, அவள் முகத்தைப் பார்க்காமல், அவளைத் தாண்டி வேலைக்குப் போகிறார். ராத்திரி சாப்பிடும்போது அவள் முதுகுக்கு நேராகத் தட்டைப் போட்டு உட்காருவாராம். சாப்பிட்டதும் தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் படுத்துவிடுவாராம்.

போன மாதம் நானும் அப்படித்தான் ஒருக்களித்து உள்ளே போனேன். அவர் டீ போட்டுக் கொடுத்தார். மறுபடியும் முழுக்கதையையும் சொன்னார். கை தவறியதைச் சொன்னார், பரிதாபப்பட்டார், கண்ணைத் துடைத்துக்கொண்டார். வாசலில் வாசுகி எங்களுக்கு முதுகு காட்டித் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் குரலைத் தாழ்த்திக் கேட்டேன்: "தணிகை, சைபரை எடுத்தாச்சுன்னு அவங்ககிட்ட சொன்னீங்களா?"