காதில் கரிசல் பஞ்சு

சபைக் கமிட்டிக் கூட்டத்தில் இருந்தவர்கள்: மேசையின் தலைமாட்டில் குருவானவர், அவருக்கு வலப்பக்கம் பஞ்சு வியாபாரி ஞானஒளிவு; பெஞ்சில் மூப்பர்கள் மூவர்; எதிரே, உட்காரச் சொல்லப்படாத சுந்தரபாய். வெளியே வேப்பமரத்தடியில் பாடகர் குழு முழுவதும் நின்றது. அவர்களை யாரும் அழைக்கவில்லை.

சுந்தரபாய் மிஷன் பள்ளி டீச்சர். சங்கரன்கோவில் கிறிஸ்தவக் கோவிலில் காலால் மிதித்து வாசிக்கிற ஆர்மோனியமும் பாடகர் குழுவும் அவள் பொறுப்பு. அது ஐம்பத்திரண்டாம் வருஷம். மழை பொய்த்து, இளையரசனேந்தல் பக்கத்துச் சம்சாரிகள் உழவுமாடுகளை விற்றிருந்தார்கள். ஆனாலும் விளைச்சலுக்கு நன்றி சொல்லும் அறுப்பின் பண்டிகைக்குக் கமிட்டியார் நன்றிப் பாட்டுக் கேட்டார்கள்.

அவள் ஒன்று அமைத்தாள். அதில் சொல் இல்லை, மெட்டும் இல்லை. ஆளுக்கொரு சுரம், பக்கத்து ஆளின் சுரத்தை உரசி நிற்கிற சுரம். எல்லாரும் ஒரே நேரத்தில் இழுத்துப் பிடிக்க வேண்டும். அவள் இரண்டு முழங்கைகளையும் ஊன்றி ஆர்மோனியக் கட்டைகளை மொத்தமாக அமுக்குவாள். தனிக்குரல் எதுவும் தெரியாது. ஒரே இரைச்சலாகத் திரண்டு, தடித்து, மெல்ல வற்றும். ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டத்தை அடுத்த தெருவில் நின்று கேட்டவர்களுக்கு அது புரியும்.

குழுவுக்கோ பக்கத்துக் குரலோடு சேர்ந்துகொள்வதே பிறவிப் பழக்கம். ஒத்திகையில் இரண்டு மூச்சுக்குள் எல்லாரும் ஒரே சுரத்துக்கு வழுக்கி வந்தார்கள். பக்கத்துக் குரல் காதில் விழாதிருக்கத்தான் பஞ்சு. ஞானஒளிவின் பஞ்சுப் பொதி அடுக்கும் கிட்டங்கியில் சுமை தூக்குகிற, குழுவில் பாடுகிற தேவதாசன் கொண்டுவந்தான். பண்டிகையன்று பிரசங்கம் முடிந்த கையோடு பாட்டு என்பதால் முன்னாலேயே காதில் அடைத்துக்கொண்டார்கள். குருவானவர் பொறுமையைப் பற்றிப் பொறுமையாகப் பேசினார். முன்வரிசை முழுக்க வெள்ளைக் காதுகள்.

பாட்டு தடிக்கத் தொடங்கியபோது ஞானஒளிவு எழுந்துவந்து, அவள் முழங்கைகளை விலக்கி, ஆர்மோனிய மூடியைச் சாத்தினார். பாடகர்களுக்கு அது தெரியவில்லை. ஒவ்வொருவராகக் கையைப் பிடித்து உட்காரவைக்க வேண்டியிருந்தது.

“அது பாட்டா டீச்சர்?” என்றார் குருவானவர், கமிட்டியில்.

“பாட்டுதான் ஐயா. மழையில்லாத வருஷத்துல மெட்டுக்கட்டி நன்றி சொல்ல எங்களுக்கு வாய் வரல. இருக்கத இருக்கபடி ஆண்டவர்கிட்ட கொண்டுபோனோம்.”

“காதுல பஞ்ச வச்சிக்கிட்டு வேதம் கேக்குதவங்கள இங்கனதான் பாக்குதேன்” என்றார் ஞானஒளிவு.

“உங்க கிட்டங்கிப் பஞ்சுதான் அண்ணாச்சி. நல்ல பஞ்சு. ஒரு வார்த்தை உள்ள போகல.”

மூப்பர் ஒருவர் சிரிப்பை இருமலாக்கினார்.

கமிட்டி இரண்டு வழி சொன்னது. பயிற்சி போதாமல் பாட்டு தவறிவிட்டது என்று ஞாயிறன்று சபைமுன் சொல்ல வேண்டும். இல்லையென்றால் பாடகர் குழுப் பொறுப்பை விட்டு, கையிலிருக்கும் கோவில் சாவியை வைத்துவிட வேண்டும். பஞ்சுக்காக அவள் வருத்தம் சொன்னாள். அது உண்மையான வருத்தம். பாட்டு தவறியதாகச் சொல்ல மாட்டேன் என்றாள். அது தவறவில்லை; பாதியில் நிறுத்தப்பட்டது. முழுசாக அது ஒருதடவைகூட ஒலிக்கவில்லை என்பதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

“சாவி தாரேன். முடிச்சிட்டுத் தாரேன்.”

எதை என்று அவர்கள் கேட்பதற்குள் வெளியே வந்து குழுவுக்குத் தலையசைத்தாள். தேவதாசன் மடியிலிருந்த பஞ்சைப் பிய்த்து எல்லாருக்கும் கொடுத்தான்; எல்லாரும் காதில் அடைத்துக்கொண்டார்கள். முதலாளி பின்னாலேயே வருவதைப் பார்த்தும் கையை மறைக்கவில்லை.

“ஏலே தேவதாசா, நாளையிலேர்ந்து கிட்டங்கிப் பக்கம் வராதல” என்றார் ஞானஒளிவு.

சுந்தரபாய்க்கு மட்டும்தான் அது கேட்டது. தேவதாசன் அவர் வாயசைவைக் கவனித்துப் பார்த்தான். பஞ்சை இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளிக்கொண்டு கோவிலுக்குள் போனான். மற்றவர்களும் போனார்கள். கடைசியாகப் போன சுந்தரபாய் கதவைச் சாத்தி உள்ளிருந்து பூட்டினாள்.