நெற்றியில் மண்

மேட்டில் கைவண்டியின் சக்கரம் புதைந்து நின்றுவிட்டது. ருய்லான் சக்கரத்துக்கடியில் கல்லைக் கொடுத்துவிட்டு மூச்சு வாங்கினாள். குளிர்காலம் முழுக்கப் படுக்கையைவிட்டு எழாத அவள் அப்பா வூ ஷோரென், வண்டியில் போர்வைக்குள் சுருண்டு கிடந்தார்.

"திரும்பிப் போயிடலாம்ப்பா. காலையிலேர்ந்து ஒரு வாய் கஞ்சிகூட இறங்கலை உங்களுக்கு."

"இழும்மா. இன்னும் கொஞ்சந்தான்."

அன்று கல்லறை பெருக்கும் திருநாள், சீனர்கள் முன்னோரைக் கும்பிடும் நாள். மஞ்சள் மண் குன்றுகளில் எங்கு பார்த்தாலும் ஊதுபத்திப் புகை. வூ வம்சத்துக் கல்லறைப் பக்கம் அப்பா காலெடுத்து வைத்து ஐம்பது வருஷம் ஆகப்போகிறது.

அவருடைய அம்மா செத்தபோது அவருக்கு இருபது வயது. ஞானஸ்நானம் வாங்கிய புதிது. செத்தவர்களை விழுந்து கும்பிடுவது பாவம் என்று வெள்ளைக்காரச் சாமியார் சொல்லியிருந்தார். சவப்பெட்டி முன்னால் ஊரே மண்டியிட்டு நெற்றியைத் தரையில் வைத்தபோது அவர் மட்டும் நின்றார். அண்ணன் கெங்வூ அன்றோடு பேச்சை நிறுத்தினார்.

சில வருஷங்களில் ரோமாபுரியிலிருந்து வேறு செய்தி வந்தது. கும்பிடலாம், அது பெற்றவர்களுக்குச் செய்யும் மரியாதைதான். ஆனால் அண்ணன் அவரைக் கல்லறையை நெருங்கவிடவில்லை. பிறகு சாமியே கூடாது என்று சர்க்கார் மாதா கோயிலைப் பூட்டிய காலம் வந்தது. வேதத்தை விட்டேன் என்று சொல்லச் சொல்லி அப்பாவை அடித்தார்கள். அவர் சொல்லவில்லை. ஏன் என்று ருய்லான் ஒருமுறை அழுதுகொண்டே கேட்டாள்.

"பெத்தவளையே கும்பிடாம நின்னவம்மா நான். அடிக்குப் பயந்து இதை விட்டா, அவளுக்கு என்ன பதில் சொல்றது?"

வண்டி மேலேறியது. பெரியப்பா அரிவாளால் கல்லறைப் புல்லை அறுத்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"அந்நியச் சாமிக்காரனுக்கு இங்க என்ன வேலைன்னு கேளு, ருய்லான்."

"பெரியப்பா, அவரால முடியலை. இன்னைக்கு மட்டும்..."

"அன்னைக்கு நல்லா முடிஞ்சுதே. தூண் மாதிரி நின்னானே!"

அப்பா வண்டியிலிருந்து காலைக் கீழே இறக்கினார். பிடிக்கப்போன மகளின் கையை விலக்கினார். எழுந்து நின்றார். எலும்பும் தோலுமாக இருந்த அந்த உடம்புக்குள் இத்தனை நாள் இந்தத் தெம்பு எங்கே இருந்தது? நாலைந்து எட்டு நடந்து, தன் அம்மாவின் மண்மேட்டின் முன் மண்டியிட்டு, நெற்றியைத் தரையில் வைத்தார்.

அரிவாள் சத்தம் நின்றது.

நிமிர்ந்தார். மறுபடி வைத்தார். பூட்டிய கோயிலைத் திறந்து முதல் பூசை நடந்த அன்றுகூட ருய்லானுக்கு இப்படி மயிர் கூச்செறிந்ததில்லை. அருகே போகப் பயமாக இருந்தது. போனால் குறுக்கே நிற்பதாகிவிடும் என்று தோன்றியது.

"அம்மா" என்றார் அப்பா. மூன்றாம் முறை நெற்றியை வைத்தார். வைத்தபடியே இருந்தார்.

காற்று அவர் சட்டையைப் படபடக்க வைத்தது.

"டேய்," என்றார் பெரியப்பா. "போதும்டா. அவ பாத்துட்டா. எந்திரி."

அப்பா எழவில்லை. ருய்லான் தோளைத் தொட்டாள். உடம்பு அவள் மடியில் சாய்ந்தது. முகத்தில் வலியே இல்லை. நெற்றியில் மஞ்சள் மண் அப்பியிருந்தது. சட்டைக் கையால் துடைக்கப்போனாள்.

"துடைக்காதே. இருக்கட்டும்" என்றார் பெரியப்பா.

வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். தம்பியின் கழன்றிருந்த துணிச்செருப்பை மாட்டிவிட்டார். "குழியை இங்கயே வெட்டச் சொல்லு. அவ காலடியில. எவன் கேக்கறான்னு நான் பாத்துக்கறேன்" என்றார்.

ருய்லான் தலையசைத்தாள்.

"உங்க ஆளுங்க இந்த நேரத்துல கையால என்னவோ செய்வீங்களே..."

அவள் சிலுவை போட்டுக் காட்டினாள். பெரியப்பா நெற்றியைத் தொட்டார், நெஞ்சைத் தொட்டார், பிறகு கை அந்தரத்தில் நின்றது.

"அப்புறம் எந்தப் பக்கம்?"

"இடது பக்கம், பெரியப்பா."

புல் சாறு பச்சையாகப் படிந்திருந்த விரல்கள் மெதுவாக இடது தோளைத் தேடிப் போயின.