இரண்டாம் பாகத்தில் தனித்தனிப் புள்ளி

என் கணவர் லியோனார்டுக்கு ஒரு பழக்கம். ஜெயித்தால் அவர் ஜெயித்தார். தோற்றால் நாங்கள் தோற்றோம்.

மூன்று வருடமாக, ஞாயிறு பூசை முடிந்து பெர்மாஸ் ஜெயாவிலுள்ள எங்கள் வீட்டுக்கு வந்ததும் நாங்கள் உட்காருவது ‘பசார் மாலாம் ராஜா’ என்ற வீடியோ கேமின் முன்னால்தான். இரவுச் சந்தையில் ஒரு சாப்பாட்டுக் கடை. கூட்டம் முண்டியடிக்கும். இரண்டு பேர் சேர்ந்து சமாளிக்க வேண்டும். கடைசியில் இருவருக்கும் சேர்த்து ஒரே புள்ளி. அந்த ஒரே புள்ளியில்தான் இவர் இத்தனை காலம் குளிர்காய்ந்தார்.

போன மாதம் ஜொகூர் பாருவில் ஒரு பேரங்காடியில் ஜோடிப் போட்டி அறிவித்தார்கள். புதிதாக வந்த இரண்டாம் பாகத்தில் ஆட வேண்டுமாம். நான் துள்ளிக் குதிக்காத குறை.

இவரோ, “நான் செல்வாவ கூட்டிட்டு போறேன் லா. உன்னோடன்னா உன் ஆட்டத்தையும் சேர்த்து நானே ஆடணும்,” என்றார்.

செல்வா, சிங்கப்பூரில் இவரோடு வேலை செய்பவன். எனக்கு வயிறு எரிந்தது. அழுகைகூட வந்தது. பழியை நறுக்கிக்கொண்டிருந்த வெங்காயத்தின் மேல் போட்டேன்.

“ஒரே ஒரு ஆட்டம் என்னோட ஆடுங்க. அப்புறம் யார வேணும்னாலும் கூட்டிட்டு போங்க,” என்றேன்.

அந்த ஞாயிறு பயிற்சிக்கு வந்த செல்வாவின் முன்னாலேயே ஆடினோம். இந்தப் பாகத்தில் மழை பெய்தது, கடையின் கூரைத் துணி பறந்தது. மற்றபடி பழைய கடைதான் என்று நினைத்தேன். லியோனார்டும் வழக்கம்போல அடுப்பிலிருந்த இறைச்சிக் குச்சிகளைப் பார்த்து, “சாத்தே கருகுது! சாத்தே!” என்று கத்திக்கொண்டே இருந்தார். ஆட்டம் முடிந்ததும், முதல் பாகத்தில் இல்லாத ஒரு பக்கம் திரையில் விரிந்தது. ஆளுக்கு ஆள் தனிக் கணக்கு.

சமைத்தது: லூசி நாற்பத்தொன்று, லியோனார்ட் ஆறு. கருக்கியது: லூசி ஒன்று, லியோனார்ட் பதினொன்று.

“அலமாக்!” என்று வாயைப் பிளந்தான் செல்வா.

எனக்குக் குளுகுளுவென்று இருந்தது, கடைசி வரியைப் பார்க்கும் வரை. தட்டு கழுவியது: லியோனார்ட் நாற்பத்தேழு, லூசி பூஜ்யம். இத்தனை வருடமாக என் கைக்குச் சுத்தமான தட்டு எப்படி வந்தது என்று நான் ஒரு நாளும் யோசித்ததில்லை.

“அக்கா, பேசாம நீங்க என்னோட வாங்க. நாம ரெண்டு பேரும் போலாம்,” என்றான் செல்வா.

லியோனார்டின் முகம் சுருங்கிப்போனது. “போ லூசி. நீதான் நல்லா ஆடுற,” என்றார். வீம்பில்லாமல், மனதாரத்தான் சொன்னார். என் கோபமெல்லாம் போன இடம் தெரியவில்லை.

“உனக்குத் தட்டு கழுவத் தெரியுமா?” என்று செல்வாவைக் கேட்டேன்.

“நான் சமைக்கிற ஆளு, அக்கா.”

“அப்ப சரிப்படாது.”

போனில் போட்டிப் படிவத்தைத் திறந்து முதல் பெயராக லூசி என்று அடித்தேன். இரண்டாவது பெயருக்கு லியோனார்ட் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“அடிக்கிறேன். ஆனா சிங்க்ல மத்தியானச் சட்டியெல்லாம் அப்படியே கெடக்கு. மொதல்ல அதக் கழுவுங்க.”

அவர் கழுவினார். செல்வா துடைத்து வைத்தான். நான் பெயரை அடித்தேன்.