மேற்கு வேலிப் பத்தை

வேலியில் புதராய் முளைக்கிற பத்தையை வெட்ட ஒரு ஆம்பிளைக்கு என்ன வேண்டும்? ஒரு காட்டுக் கத்தி வேண்டும். கொஞ்சம் வெயில் தாங்குகிற முதுகு வேண்டும். என் புருஷன் கதிரவேலுவிடம் கத்தி இருந்தது.

புத்தூரில் எங்கள் தோட்டம் என் ஐயா எனக்குச் சீதனமாகத் தந்தது. அதன் மேற்கு வேலியும் எங்களுடையதுதான். வேலியின் உள்பக்கமாக, அதை ஒட்டியே, பங்குக் கிணற்றுக்குப் போகிற பாதையும் தண்ணீர் வருகிற வாய்க்காலும் இருக்கின்றன. அந்தத் துண்டு நிலம் கையை விட்டுப் போனால் கிணற்றைத் தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கலாம். பயிருக்கு ஒரு சொட்டு வராது.

கிளுவைக் கம்பும் பூவரசங் கம்பும் கதியாலாக நட்ட வேலி அது. மாரி முடிந்தால் அடியில் நாயுண்ணியும் காரையும் எருக்கலையும் கிளம்பிவிடும். கொவ்வைக்கொடி ஏறிக் கதியால்களையே மூடிவிடும். பாம்பு வந்து படுக்கும். களை விதை குருவி வாயில் வந்து புகையிலைக்குள் விழும். அதனால் தை பிறந்ததும் எல்லாரும் வேலி துப்புரவாக்குவார்கள்.

எங்கள் அயலில் இதற்கொரு வழக்கம் உண்டு. காணி உறுதிப் பத்திரத்தில் ‘மேற்கே வேலி’ என்று மட்டும்தான் எழுதியிருப்பார்கள். அது யாருடைய வேலி என்று இராது. வருடா வருடம் யார் பத்தை வெட்டுகிறாரோ அவருடையது வேலி, வெட்டித் துப்புரவாக்கிய நிலமும் அவருடையது. ஆனால் ஒருவர் கேட்டு, அடுத்தவர் உதவிக்கு வெட்டினால் அந்த வழக்கம் செல்லாது. உதவிக்கு வந்தவர் வெட்டிய இலைகுழையைத் தன் வயலுக்குப் பசளையாகக் கொண்டு போகலாம். வேலியைக் கொண்டு போக முடியாது.

கடந்த மூன்று வருடமும் எங்கள் மேற்கு வேலி மொட்டையடித்த தலைபோல் சுத்தமாக இருந்தது. நான் அப்போது கைப்பிள்ளைக்காரி, பத்தை வெட்டுகிற நாட்களில் தோட்டத்துப் பக்கம் போகவில்லை. புருஷன்தான் வெட்டினார் என்று நினைத்து அவருக்கு முட்டைக்கோப்பி அடித்துக் கொடுத்தேன். சண்டையால் கூப்பன் அரிசி தின்ற காலத்தில், பிள்ளைக்கு வைத்திருந்த முட்டையை! அவரும் நாரி நோகிறதென்று இடுப்பைப் பிடித்துக்கொண்டு, களைத்த முகத்தோடு வாங்கிக் குடித்தார். இப்போது நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது.

மூன்றாவது வருடம், மாசியில் ஒரு காலை. புகையிலை இடுப்பளவுக்கு நின்றது. தண்ணீர் கட்டுகிற நேரமாயிற்றே என்று நான் தோட்டத்துக்குப் போனால், அலவாங்கால் குழி குத்துகிற சத்தம் கேட்டது. மேற்குக் காணிக்காரர் பஞ்சலிங்கம் இரண்டு கூலிக்காரரை வைத்து, வாய்க்காலுக்கு இந்தப் பக்கம், எங்கள் புகையிலைக்குக் கிட்ட, புதுக் கதியால் நட்டுக்கொண்டிருந்தார்.

“பஞ்சலிங்கண்ணை! உதென்ன செய்யிறியள்?”

“வேலி அடைக்கிறன், பிள்ளை.”

“ஆரின்ரை வேலியை?”

“என்ரை வேலியை. மூண்டு வரியமா இதிலை பத்தை வெட்டினது ஆர்? ஊருக்குள்ளை போய்க் கேட்டுப் பாரும். குழை ஏத்தின வண்டிலை எல்லாரும் கண்டவை.”

அவர் முகத்தில் ஒரு வெட்கம் இல்லை. நான் நின்ற இடத்திலிருந்தே கத்தினேன். நான் கத்துகிறபோதே இன்னொரு கதியாலை நட்டு மண்ணை மிதித்தார். கூலிக்காரர் மட்டும் தலையைக் குனிந்துகொண்டார்கள். நான் வீட்டுக்கு ஓடினேன்.

என் புருஷன் சாய்மனைக் கதிரையில் கிடந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். ஜப்பான்காரன் எங்கே வந்துவிட்டான் என்பது அவருக்குத் தெரியும். பஞ்சலிங்கம் எங்கே வந்துவிட்டார் என்பது தெரியாது.

“மேற்கு வேலிப் பத்தையை வெட்டினது நீங்களோ, அவரோ?” என்று கேட்டேன்.

பேப்பரை மடித்தார். விரித்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

“எனக்கு நாரி பிடிச்சுப்போட்டுது. ஏலாமல் போச்சு. அவரைத்தான் கேட்டனான். வெட்டித் தாருங்கோ, குழையைக் கொண்டு போங்கோ எண்டனான்.”

“மூண்டு வரியமும் நாரியோ?”

“ஓம்.”

எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தக் கதிரையோடு சேர்த்து அவரைக் கவிழ்த்திருப்பேன். ஆனால் அந்த ஆத்திரத்துக்குள்ளேயே ஒரு ஆறுதலும் வந்தது. அவர் கேட்டுத்தான் பஞ்சலிங்கம் வெட்டியிருக்கிறார். அப்படியென்றால் வேலி எங்களுடையதுதான்.

“சரி. விதானையாரைக் கூப்பிடுவிக்கிறன். அவர் வந்து கேக்கேக்கை, நான் கேட்டுத்தான் இவர் வெட்டினவர் எண்டு சொல்லுங்கோ. உந்த ஒரு சொல்லுப் போதும்.”

“அதை எப்பிடிச் சனத்துக்கு முன்னாலை சொல்லுறது?” என்றார் அவர். “என்ரை வேலியை வெட்ட எனக்கு ஏலாமல் இன்னொருத்தன்ரை காலிலை விழுந்தனான் எண்டு நானே சொல்லுறதோ? உடுவிலிலையிருந்து வந்த மாப்பிளைக்குக் கத்தி பிடிக்கத் தெரியாது எண்டு சிரிப்பாங்கள்.”

“சிரிக்கட்டும்! சிரிச்சால் என்ன, புகையிலை வாடுமோ? தண்ணி இல்லாட்டித்தான் வாடும்!”

அவர் கதிரையை விட்டு எழும்பினார். சால்வையை எடுத்துத் தோளில் போட்டார். சொல்லிவிடுவார் என்றுதான் நம்பினேன். கல்யாணம் கட்டின நாளிலிருந்து அந்த மனிதனைப் பற்றி எனக்கு இப்படித்தான் ஏதாவதொரு நம்பிக்கை வரும்.

வெயில் தாழ, ஊர் வழக்குத் தீர்க்கிற விதானையார் தோட்டத்துக்கு வந்தார். அயலட்டையில் வேலை இருந்தவர்களும் இல்லாதவர்களும் வந்தார்கள். பஞ்சலிங்கத்தின் பெண்சாதி இராசாத்தி மச்சாளும் வந்து, புதுக் கதியாலுக்குப் பக்கத்தில் இடுப்பில் கை வைத்து நின்றாள். தன் சொத்தைப் பார்க்க வந்தவள்போல.

விதானையார் வெற்றிலையைக் கொடுப்புக்குள் ஒதுக்கிக்கொண்டு பஞ்சலிங்கத்தை விசாரித்தார். தானாகத்தான் வெட்டியதாகவும், தன் வேலி என்றுதான் வெட்டியதாகவும், ஒருவரும் தன்னைக் கேட்கவில்லை என்றும் அவன் தண்ணீர் குடிக்கிற மாதிரிச் சொன்னான். இனி அவனுக்கென்ன மரியாதை? அண்ணை என்று கூப்பிட்ட வாய்க்கு அன்றோடு அந்தச் சொல் கசந்துபோயிற்று.

“கதிரவேலு, நீர் சொல்லும்,” என்றார் விதானையார். “நீர் கேட்டு வெட்டினவரோ, தானா வெட்டினவரோ?”

சனம் முழுக்க என் புருஷனைப் பார்த்தது. அவர் கால் பெருவிரலால் மண்ணைக் கிளறினார். சால்வையை இழுத்துவிட்டார். வாய்க்குள் கொழுக்கட்டை இருந்தாலும் இவ்வளவு நேரத்தில் விழுங்கியிருக்கலாம்.

“எனக்கு… சரியா ஞாபகமில்லை,” என்றார்.

ஞாபகமில்லையாம்! ஜப்பான்காரனின் கப்பல் பெயரெல்லாம் வரிசையாகச் சொல்லுகிற மனிதனுக்கு, அயலானைக் கேட்டது ஞாபகமில்லை. என் ஐயா தன் கையால் வெட்டின வாய்க்கால் என் கண்ணுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது. பஞ்சலிங்கம் மீசைக்குள் சிரித்தான். விதானையார் தீர்ப்புச் சொல்ல வாயைத் திறந்தார்.

“எனக்கு ஞாபகமிருக்கு,” என்றேன் நான். “நான்தான் கேட்டனான்.”

“நீயோ, பிள்ளை?” என்றார் விதானையார்.

“ஓம். இவர் வீட்டிலை இல்லாத நேரம் பாத்து, வேலியாலை கூப்பிட்டுக் கேட்டனான். மூண்டு வரியமும் நான்தான் கேட்டனான். நான் கேட்டதைத் தட்டேலாமல் வந்து வெட்டித் தந்தவர்.”

புருஷன் இல்லாத நேரம் அயல் ஆம்பிளையை வேலியோரம் கூப்பிட்டேன் என்று ஒரு குடும்பப் பெண் சபையில் சொன்னால் அதற்கு எங்கள் ஊரில் என்ன அர்த்தம் என்று எனக்கும் தெரியும். தெரிந்துதான் சொன்னேன்.

முதலில் வாய் திறந்தவள் இராசாத்தி மச்சாள்.

“என்ன? மூண்டு வரியமோ? எனக்கு ஒரு முருங்கைக் கொப்பு முறிச்சுத் தராத மனுசன், இவள் கூப்பிட்ட உடனை கத்தியோடை போனவரோ? சொல்லுங்கோ! இப்ப சொல்லுங்கோ!”

“ஐயோ, பொய்!” பஞ்சலிங்கத்தின் முகம் வெளிறிப்போயிற்று. “இவ என்னட்டை ஒரு சொல்லுக் கதைக்கேல்லை. கதிரவேலுதான் கேட்டவன்! நாரி ஏலாது அண்ணை, உதவிக்கு வெட்டித் தாருங்கோ, குழையைக் கொண்டு போங்கோ எண்டு அவன்தான் வந்து கெஞ்சினவன். சந்நிதி முருகனறியச் சொல்லுறன், இராசாத்தி, அவன்தான் கேட்டவன்!”

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது என்ன என்பது அவனுக்கு விளங்கியது. விதானையார் வெற்றிலையைத் துப்பினார்.

“அப்ப, கேட்டுத்தான் வெட்டினனீர். உதவிக்கு வெட்டினனீர். கதியாலைப் புடுங்கும்.”

சனம் சிரித்தது. பஞ்சலிங்கத்தைப் பார்த்தும் சிரித்தது, என் புருஷனைப் பார்த்தும் சிரித்தது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. இராசாத்தி மட்டும் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் புருஷன் சத்தியம் செய்த பிறகும் அந்தப் பார்வை மாறவில்லை, இனியும் மாறாது. கூலிக்காரர் கதியால்களைப் பிடுங்கி ஓரமாக அடுக்கினார்கள். கடைசிக் கதியால் வரும் வரைக்கும் நான் அசையவில்லை. பிறகு போய் வாய்க்காலில் விழுந்திருந்த மண்ணைக் காலால் தள்ளிவிட்டேன்.

ஒழுங்கையால் வீட்டுக்கு நடந்தோம். அவர் முன்னால், நான் பின்னால். ஒரு நல்ல சொல் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை என்று சொன்னால் அது பொய். காணியைக் காப்பாற்றிவிட்டாய் என்று வேண்டாம், தான் வாயை மூடிக்கொண்டு நின்றது பிழை என்றாவது சொல்லலாம். வீட்டு வாசல் படலையடியில் நின்று திரும்பினார். முகம் கறுத்திருந்தது.

“இஞ்சை பார். உள்ளதைச் சொல்லு,” என்றார். “நீயும் அவனைக் கேட்டனியோ?”

பஞ்சலிங்கம் காணிக் கள்ளன். அது அவன் தொழில், அவனை நான் ஒருநாள் மன்னித்தாலும் மன்னிப்பேன். இந்த மனிதன் தானே போய்க் கேட்டவர். தானே குழையைக் கொடுத்தவர். தன் வாயால் வரவேண்டிய ஒரு சொல் வராததால்தான் நான் என் பெயரை எடுத்துச் சந்தியில் போட்டேன் என்பதை எல்லாரையும்விட நன்றாக அறிந்த ஆள் அவர். அந்த ஆள் என்னிடம் கேட்கிறார்.

“எனக்குச் சரியா ஞாபகமில்லை,” என்று சொல்லிவிட்டு, அவரை விலத்திக்கொண்டு உள்ளே போனேன்.

அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. நான் சாப்பிட்டேன்.